சாவோலின் போர்க்கலை: ஐதிகமும் சரித்திரமும்

சீன நாட்டுப் பௌத்த மடங்களைச் சார்ந்த போர்க்கலைகளுள் எது மூத்தது என்னும் வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. வடக்கே ஹெனான் மாகாணத்துச் சாவோலின் மரபினர் பலர், தம் கலைக்குப் போதிதருமரே ஆதிகுரு என்பர். தெற்கே ஃபூஜியன் மாகாணத்திலோ, பூத்தியன், சுவான்சோ, ஃபூச்சிங் என்னும் மூன்று ஊரினரும் தென் சாவோலின் மடம் தம்மூரிலேயே இருந்ததென்று வாதாடுகின்றனர். பழமை கூடின் புகழ் கூடும். புகழ் கூடின் வருவாயும் கூடுமன்றோ!

சரித்திரம் கூறுவதோ வேறு. 621-இல் சாவோலின் துறவியர் தாங் வம்சத்து லி ஷிமினுக்குப் போரில் துணைநின்றதை 728-இல் நாட்டிய கல்வெட்டு உரைக்கின்றது. போதிதருமர் போர்ப்பயிற்சி அளித்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. அவரைத் தேகப்பயிற்சிக்கு ஆசானாக்கிய 'யி ஜின் ஜிங்' என்னும் நூல் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அதன் பழமை புனைவே என்பதைத் தாங் ஹாவ் என்னும் சீன அறிஞர் 1930-களில் எடுத்துக்காட்டினார்.

போதிதருமரைக் காஞ்சி இளவரசர் எனப் போற்றும் நமக்கும் இதில் பாடமுண்டு. அவரைப்பற்றிய மிகப் பழைய குறிப்பிரண்டனுள் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொன்று தென்னிந்தியர் என்கிறது. காஞ்சியின் பெயர் இரண்டிலும் இல்லை.

ஐதிகத்தை இகழவேண்டுமென்பதன்று என் கருத்து. அது சொன்னவர் உள்ளத்தைக் காட்டும்; நிகழ்ந்ததைக் காட்டாது. பெயர் தெரியாத் துறவியர் பலர் தலைமுறை தலைமுறையாய் வளர்த்த கலையை ஒருவர்க்கே உரிமையாக்குதல் அவர்தம் உழைப்பை மறைப்பதாகும். கல்லூரியிற் பயிலும் நாம், நம் பெருமையைக் கூறும் கதையையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.