நிவாரண முகாமில் கழிப்பறையும் தண்ணீரும்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, பல்லாயிரம் மக்கள் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கவைக்கப்பட்டனர். மணப்பாறையில் பெருமழை பெய்தாலும் அத்தகைய கட்டடங்களே புகலிடம்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதலின்படி, 30 பேருக்கு ஒரு கழிப்பறை தேவை. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க 3 லிட்டரும், குளியலுக்கும் கழிப்பறைக்கும் 15 லிட்டரும் தேவை. ஆகவே 300 பேர் தங்கினால் 10 கழிப்பறைகளும் 4,500 லிட்டர் புழங்குநீரும் வேண்டும்.

கழிப்பறை போதாத இடத்தில் பெண்களும் முதியோரும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர். இதனால் நீரிழப்பும் சிறுநீர்த் தொற்றும் ஏற்படலாம். நீரிழிவு நோயாளிகளுக்கு ஆபத்து கூடுதல்.

தாகத்தை அடக்காதீர்கள். நடக்க இயலாதவருக்கு அருகிலுள்ள கழிப்பறையை ஒதுக்குமாறு முகாம் பொறுப்பாளரிடம் கேளுங்கள். குழந்தையின் மலத்தைக் கழிப்பறையிலும், நாப்கின்களை மூடியுள்ள தொட்டியிலும் இடுங்கள்.