வயதைக் காட்டி வெளியே தள்ளுவதா?

உழைப்பவனின் வயதை எண்ணிப் பார்ப்பது முதலாளியின் பழைய வழக்கம். தாராவித் தோல் பட்டறையானாலும், கட்டட வேலைக்கு ஆள் பிடிக்கும் நாக்காவானாலும், தலை நரைத்தவனைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். 1982 ஜனவரி 18இல் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, நாற்பதைத் தாண்டியவர்கள் பட்ட பாட்டை நம் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அது முதலாளிகள் செய்த வேலை. அரசாங்கமே, அதுவும் கல்வித் துறையிலேயே, இதே கணக்கைப் போட்டால் அதற்கு என்ன பெயர்?

நூலகர்களின் கதை அதுதான்.

மத்திய அரசின் பணத்தில் நடக்கும் உயர்கல்வி நிறுவனங்களில் ஆசிரியர்களின் ஓய்வு வயதை 2007 மார்ச்சில் 65 ஆக உயர்த்தினார்கள். அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் 2008 டிசம்பர் 31ஆம் தேதி வந்த ஊதிய ஆணை, நூலகர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் இந்த உயர்வு கிடையாது, அவர்கள் 62இலேயே வீட்டுக்குப் போகவேண்டும் என்றது. காரணம்? அந்தப் பதவிகளுக்கு ஆள் பற்றாக்குறை இல்லையாம்! 2017 நவம்பர் 2ஆம் தேதி வந்த அடுத்த ஊதிய ஆணையும் ஓய்வு வயது விதிகளை மாற்றாமல் விட்டுவிட்டது.

இதில் உள்ள அநியாயத்தைப் பாருங்கள். கல்லூரி நூலகராக வருகிறவர், உதவிப் பேராசிரியரைப் போலவே தேசியத் தகுதித் தேர்வைச் சந்திக்கவேண்டும். தொடக்க ஊதியமும் இருவருக்கும் ஒன்றே. உள்ளே வரும்போது சமம், வெளியே அனுப்பும்போது மட்டும் மூன்று வருடம் குறைவு. "ஆள் பற்றாக்குறை இல்லை" என்ற வார்த்தையை நாம் வேறு இடத்தில் கேட்டதில்லையா? "கேட்டுக்கு வெளியே நூறு பேர் நிற்கிறான், நீ போகலாம்" என்று ஒப்பந்தக்காரன் சொல்வதும் இதுதானே! ஒரு மனிதனின் உழைப்புக்கு மதிப்பு, அவன் இடத்துக்கு வேறு ஆள் கிடைப்பானா என்பதைப் பொறுத்ததா?

வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று சிலர் சொல்வார்கள். பல்கலைக்கழக நூலகங்களைக் கம்ப்யூட்டரால் இணைக்கும் இன்ஃப்லிப்நெட் திட்டம் 1991இல் தொடங்கியது. அட்டைப் பெட்டிகளில் இருந்த லட்சக்கணக்கான நூல் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது யார்? அன்று இளைஞர்களாக இருந்து, பின்னர் 62 வயதில் அனுப்பப்பட்ட அதே தலைமுறைதான்.

இந்தத் தொழிலுக்கே இந்தியாவில் தந்தை என்று போற்றப்படுகிறவர் நம் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், முப்பது வயதைக் கடந்த பிறகு, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். நூலக விதிகள் ஐந்தை 1931இல் நூலாக வெளியிட்டார். 53 வயதில் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய் நூலகத்தை ஒழுங்கு செய்தார். பெங்களூரில் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை 1962இல் நிறுவியபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12ஐ தேசிய நூலகர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். மாலை போடுவது எழுபதை நெருங்கும் வயதில் மையம் அமைத்தவருக்கு, வீட்டுக்கு அனுப்புவது அவர் வழிவந்தவர்களை 62இல்!

வெளியேறும் வாசலில் இப்படி என்றால், நுழையும் வாசலில் இன்னொரு பூட்டு. மராட்டிய அரசுப் பணிக்கான உச்ச வயது 2016இல் பொதுப் பிரிவுக்கு 38 என்றும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 43 என்றும் உயர்த்தப்பட்டது. நம் பிள்ளைகளின் நிலை என்ன? பகலில் பட்டறை, இரவில் பள்ளி, தம்பி தங்கையைக் கரையேற்றிய பிறகு பட்டம், அதற்கு மேல் நூலகப் படிப்பு. எல்லாம் முடியும்போது முப்பத்தைந்து தாண்டிவிடும். பிற மாநிலத்திலிருந்து வந்த தாழ்த்தப்பட்டவருக்குக் குடியேறிய மாநிலத்தில் அந்தச் சலுகை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1990இலும், மராட்டியம் பற்றிய வழக்கிலேயே 1994இலும் தீர்ப்பளித்தது. ஆகவே 1950க்குப் பின் குடும்பம் இங்கு வந்திருந்தால், திருநெல்வேலியில் சலுகை உள்ள அதே பிள்ளை தாராவியில் பொதுப் பிரிவு. அந்த ஐந்து வருடமும் அவனுக்கு இல்லை.

"கிழவர்கள் இடம் விட்டால்தானே இளைஞனுக்கு வேலை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவர் ஓய்வு பெற்ற மறுநாளே அந்த நாற்காலியில் ஓர் இளைஞன் நிரந்தரமாக உட்காருகிறானா? பல இடங்களில் அந்தப் பதவி காலியாகவே கிடக்கிறது, அல்லது ஒப்பந்தச் சம்பளத்துக்குப் போகிறது. அப்பனை வெளியேற்றிவிட்டு மகனையும் வாசலில் நிறுத்துகிறவர்கள், இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரியாக்கப் பார்க்கிறார்கள். அந்த வலையில் நாம் விழக்கூடாது.

நமக்கு ஏன் இந்தக் கவலை என்று தோழர்கள் எண்ணவேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, படிக்க உட்கார இடம் வாசகசாலைதான். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் தேவை, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இருபது முப்பது வருடம் பழகியவர்தான் அறிவார். பணக்காரன் வீட்டுப் பிள்ளை புத்தகத்தை விலைக்கு வாங்கிக்கொள்வான். நூலகர் போனால் நஷ்டம் நமக்கே.

நாம் கேட்பது பெரிதல்ல. ஆசிரியருக்கு உள்ள ஓய்வு வயது நூலகருக்கும் வேண்டும். நூலகப் பணிக்குத் தகுதியும் பட்டமும் இருந்தால், நுழைவு வயது தடையாக இருக்கக்கூடாது. மராட்டியப் பொது நூலகச் சட்டம் 1967இல் வந்தது. அதன்கீழ் மானியத்தில் நடக்கும் நூலகங்களின் ஊழியர்களுக்கு அரசு ஊதிய விகிதமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அவர்களுக்கு இரண்டும் வேண்டும். காலிப் பதவிகளை இளைஞர்களைக் கொண்டு நிரந்தரமாக நிரப்பவேண்டும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் அடுத்ததாக இதையும் கேளுங்கள். வயதைக் காட்டி ஒரு தொழிலில் ஒருவரை ஒதுக்க விட்டால், நாளை எல்லாத் தொழிலிலும் அதே கோலைக் கொண்டு அளப்பார்கள்.