பெயருக்குக் காவல் யார்?

களியக்காவிளையில் தமிழக எல்லையைக் கடந்து பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பாலராமபுரம். கசவுக் கரையிட்ட கைத்தறிச் சேலைக்குப் புகழ்பெற்ற ஊர். இங்கு நெய்யப்படும் சேலைகளும் உயர்ரகப் பருத்தித் துணிகளும் 2009-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. ஆனால், விசைத்தறித் துணிகள் இதே பெயரில் விற்கப்படுகின்றன என்ற நெசவாளர்களின் முறையீடு அதன் பிறகும் ஓயவில்லை. பெயரைப் பதிவு செய்வது வேறு, பாதுகாப்பது வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்தப் பெயருக்குப் பின்னால் தமிழர்களின் உழைப்பும் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், இன்றைய தமிழகத்தின் தென்கோடியிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. ஊரும் மன்னரின் பெயரைப் பெற்றது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தமிழகத்துடன் இணைக்கக் கோரப்பட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு மாறினாலும் தறி மாறவில்லை. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்து, குழித்தறியில் கையால் நாடா எறிந்து, இருபுறமும் ஒரேபோலத் தெரியும்படி நெய்யும் முறையே பாலராமபுரத்தின் தனிச்சிறப்பு.

ஒரு நிறுவனம் தன் பொருளுக்கு வைக்கும் பெயரை 1999-ம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் காக்கிறது. ஆனால் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே குறிக்கும் ஊர்ப் பெயரைத் தனியொருவர் சொந்தமாக்கிக் கொள்ள அந்தச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே அதே 1999-ல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி பெயர் ஒருவருக்குரியதல்ல. அந்த வட்டாரத்தின் உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் உரியது. அதை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

சட்டத்தில் பல் இருக்கிறது; கடிப்பதற்குத்தான் ஆளில்லை. அனைவருக்கும் உரிய பெயரைக் காக்கும் பொறுப்பை யாரும் ஏற்பதில்லை. தனியார் நிறுவனமாக இருந்தால் போலியைக் கண்டதும் வழக்கறிஞர் நோட்டீஸ் பறக்கும். 'கேஎஸ்ஆர்டிசி' என்ற எழுத்துகளுக்காகக் கேரள, கர்நாடகப் போக்குவரத்துக் கழகங்கள் பல ஆண்டுகள் மோதிக் கொண்டன. 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேரளத்தின் மனு தள்ளுபடியாகும் வரை அந்த வழக்கு நீண்டது. பேருந்தில் எழுதும் எழுத்துக்காக வழக்காடப் பணம் இருக்கிறது. அன்றாடக் கூலியை நம்பி வாழும் நெசவாளி, தன் பெயரைத் திருடியவர் மீது எந்த நீதிமன்றத்தில், எந்தப் பணத்தில் வழக்குத் தொடுப்பார்? காவல்துறை போலித் துணியைப் பறிமுதல் செய்ய வேண்டுமானாலும், குறைந்தது துணைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி, பதிவாளரின் கருத்தைப் பெற்ற பிறகே செயல்பட முடியும்.

இதைத் தமிழக விசைத்தறிக்கும் கேரளக் கைத்தறிக்கும் இடையிலான சண்டையாகச் சித்திரிப்பது தவறு. விசைத்தறித் தொழிலாளியும் ஏழைதான். அவர் கசவுக் கரையிட்ட துணி நெய்வதில் குற்றமில்லை. அது விசைத்தறித் துணி என்று சொல்லி விற்கப்படுமானால் யாருக்கும் நஷ்டமில்லை. அதன்மீது பாலராமபுரம் என்று பெயர் ஒட்டி, கைத்தறி விலைக்கு விற்கும் வியாபாரியே குற்றவாளி. ஏமாறுவது நெசவாளி மட்டுமல்ல, வாங்குபவரும்தான்.

மத்திய அரசு பெயர்களைப் பதிவு செய்வதில் காட்டும் உற்சாகத்தை, பதிவான பெயர்களைக் காப்பதில் காட்டவில்லை. 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது. 2015-ல் சென்னையில் 'இந்தியா ஹேண்ட்லூம்' பிராண்ட் தொடங்கப்பட்டது. இவற்றோடு புவிசார் குறியீடும் சேர, எந்த முத்திரை எதற்கு என்று வாங்குபவர் திகைக்கிறார். இவற்றை ஒரே அடையாள வில்லையாக்கி, நெசவாளியின் பதிவு விவரத்தை அதில் அறியச் செய்வது கடினமான காரியமல்ல. குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமையை ஒவ்வொரு நெசவாளியும் தனியே பதிவு செய்ய வேண்டும். 2020-ல் இந்த விதிகள் எளிதாக்கப்பட்டன. ஆனாலும் அலுவலகத்தைத் தேடி நெசவாளி வர வேண்டும் என்று காத்திராமல், சாலியர் தெருக்களுக்கே சென்று பதிவு செய்ய வேண்டும்.

மத்திய கைத்தறி மேம்பாட்டு ஆணையர் அலுவலகம், சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம், கேரள, தமிழக அரசுகளின் கைத்தறித் துறைகள் ஆகியவை இணைந்து, ஓணச் சந்தைக்கு முன்பே சோதனை நடத்த வேண்டும். போலிகளுக்கு எதிரான வழக்குச் செலவை அரசே ஏற்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டு உள்ளிட்ட தமிழகத்தின் குறியீடுகளுக்கும் இது பொருந்தும்.

சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதால் தறி ஓடாது. காக்கப்படாத பெயர், நெசவாளிக்கு வெறும் பெயரளவில்தான் சொந்தம்.