வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க

சென்ற மார்கழியில் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. குளிக்கும்போது விரலில் பட்ட, புளியங்கொட்டை அளவேயான அந்தக் கட்டியை முதலில் அறிந்தவள் நான். மருத்துவரிடம் போனவள் நான். மேமோகிராம் இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே நசுங்கியது என் மார்பு. ஊசியைச் செலுத்திக் கட்டிக்குள்ளிருந்து செல்களை உறிஞ்சி எடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தவளும் நான்தான். முடிவை முதலில் அறிந்தவள் மட்டும் நான் இல்லை.

பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பெயர், வயது, க/பெ என்று வரிசையாகக் கேட்டுத் தட்டச்சு செய்தவள், “வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க மேடம்” என்றாள். சொன்னேன். வகுப்பறையில் பதினெட்டு ஆண்டுகளாக உடலரசியல் பேசிக்கொண்டிருப்பவள், என் கைப்பேசி என் கைப்பையிலேயே இருக்க, அந்தப் பத்து இலக்கங்களையும் ஒப்பித்தேன். முடிவு வர ஒரு வாரம் ஆகலாம் என்றார்கள்.

அந்த நாள்களில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். அம்மாவின் வளையல்கள் யாருக்கு என்று யோசித்தேன். இரவுகளில் எழுந்து சமையலறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை பொறுக்கமுடியாமல் பரிசோதனை நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினால், “செவ்வாய்க்கிழமையே அனுப்பிட்டோமே மேடம்” என்றார்கள். வீட்டுக்கு வந்து இணையரிடம் கேட்டேன். “ஆமா, வந்துச்சு. ஒண்ணும் இல்லன்னுதான் போட்டிருந்துச்சு. அதான் சொல்லணும்னு தோணல.”

புற்றுநோய் இல்லை. சாதாரணக் கட்டி. அந்த நல்ல செய்தி மூன்று இரவுகள் எனக்கு இரண்டடி தள்ளி, அவருடைய தலையணைக்கு அருகில், சார்ஜரில் கிடந்திருக்கிறது.

அவர் நல்லவர். சமைப்பார். என் கவிதைகளைப் படிப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொடுமைக்காரக் கணவனைப் பற்றி எழுதுவது எளிது. நல்லவர்கள் நிறைந்த வீட்டிலும் ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய செய்தி அவளைச் சுற்றிக்கொண்டு போய் வேறொருவரிடம் சேர்கிறது என்றால், கோளாறு அந்த மனிதரின் குணத்தில் இல்லை. அது பதிவுப் படிவத்திலேயே இருக்கிறது.

என் கதை நல்லபடியாக முடிந்தது. என் மாணவி ஒருத்தியின் கதை அப்படி முடியவில்லை. இளங்கலை இரண்டாம் ஆண்டு. மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறாள். பதிவேட்டில் அப்பாவின் எண். சினைப்பையில் நீர்க்கட்டிகள் என்று வந்த முடிவு அவருடைய வாட்ஸாப்புக்குப் போனது. ஆங்கிலம் புரியாத அவர், மருந்துக்கடையில் வேலைசெய்யும் மச்சானுக்கு அதை அனுப்பினார். மச்சான் வழியாக அத்தைக்கு, அத்தை வழியாகத் தெருவுக்கு. “எனக்கு என்ன நோயின்னு அத்தை சொல்லித்தான் தெரியும் மேடம்” என்றாள். நீர்க்கட்டி உள்ள பெண்கள் பலர் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள், பலருக்குச் சிகிச்சை உதவுகிறது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. ‘பிள்ளை பிறக்காதாம்’ என்ற பேச்சு பரவும் முன்பே முடித்துவிட வேண்டும் என்று தையில் கல்யாணம் பேசினார்கள். மூன்றாம் ஆண்டு வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை.

அந்த அப்பாவும் கெட்டவர் இல்லை. மகளுக்கு என்னவோ என்று பதறித்தான் அனுப்பியிருக்கிறார். ஆனால் அந்தச் செய்தி அவளுக்கு வந்திருந்தால், யாரிடம் காட்டுவது, எப்போது காட்டுவது, காட்டாமலே இருப்பதா என்பதை அவள் முடிவுசெய்திருப்பாள். அவளிடமிருந்து பறிபோனது அந்த முடிவு.

தமிழ் படித்தவளுக்கு இது புதிய காட்சி இல்லை. அகப்பாடல்களில் தலைவி மெலிகிறாள், பசலை படர்கிறது, வளை கழல்கிறது. தாய் பதறுகிறாள். என்ன செய்கிறாள்? மகளைக் கேட்கவில்லை. கட்டுவிச்சியை அழைத்து நெல்லைப் பரப்பிக் குறி கேட்கிறாள். வேலனை அழைத்துக் கழங்கு உருட்டச் சொல்கிறாள். முருகு அணங்கியது என்று முடிவு வருகிறது. களம் இழைத்து, மறி அறுத்து, வெறியாட்டு நடக்கிறது. நோய் யாருடையதோ அவளைத் தவிர எல்லோருக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. முடிவு தவறு என்று தலைவிக்குத் தெரியும், தோழிக்கும் தெரியும். வகுப்பில் இந்தத் துறையை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கழங்கு போய் பி.டி.எஃப். வந்திருக்கிறது. முடிவு இன்றும் தாய்தந்தையிடமும் கணவரிடமும்தான் சொல்லப்படுகிறது.

மகளின் உடலுக்குத் தாய் பதில் சொல்வதை நம் உச்ச நீதிமன்றமும் ஒருமுறை விசாரித்திருக்கிறது. டெல்லியில் 1995-இல், திருமணமாகாத, நாற்பது வயது கடந்த ஒரு பெண் லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்காக மயக்க ஊசி போட்டுக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த வயதான தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை அகற்றினார்கள். வழக்கு 2008-இல் முடிந்தது. வயதுவந்த, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய பெண்ணுக்குப் பதிலாக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், தாய் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

நாம் மயக்கத்தில்கூட இல்லை. மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறோம். அப்போதும் நம்மைக் கேட்பதில்லை.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய தரவு என்னென்ன, அது யாரோடு பகிரப்பட்டது என்று கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. பதினெட்டு வயது நிறைந்த பெண் சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொள்ள அவளுடைய ஒப்புதல் ஒன்றே போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை, கேட்பது மருத்துவமனைகளின் வழக்கம். இத்தனை சட்டங்களையும் கடந்து ஒரு பெண்ணின் ரிப்போர்ட் தடம் மாறிப் போவதற்குப் பத்து இலக்கங்கள் போதுமானவையாக இருக்கின்றன. ‘அதிகாரம் அளிக்கப்பட்டவர்’ என்ற சொல்லைப் பாருங்கள். நான் எப்போது அதிகாரம் அளித்தேன்? ‘வீட்டுக்காரர் நம்பர்’ என்று கேட்டபோது நான் சொன்ன எண்ணே என் ஒப்புதலாகிவிட்டது.

இனி இது பெருகத்தான் போகிறது. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஆளுக்கொரு 14 இலக்க ஆபா எண் தருகிறது. பரிசோதனை முடிவுகளை அதனோடு இணைத்துக் கைப்பேசியிலேயே பார்க்கலாம், நம் ஒப்புதல் இல்லாமல் பகிரக் கூடாது என்பதெல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆதார் வழியாக அதை உருவாக்கினால் ஓ.டி.பி. ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும். ஆதார் எடுக்க முகாமில் வரிசையில் நின்ற அன்று நாம் யாருடைய எண்ணைக் கொடுத்தோம்? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் சுமார் 54 சதவீதம் பேரிடமே தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி இருந்தது. மீதிப் பேரின் சாவி வேறு யாரோ ஒருவரின் சட்டைப்பையில் இருக்கிறது. கோப்புக்குக் கடவுச்சொல் வைத்திருக்கிறோம் என்கின்றன சில பரிசோதனை நிலையங்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். எந்தக் கணவருக்கு, எந்தத் தகப்பனுக்கு அது தெரியாது?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு வாதங்களை நான் மதிக்கிறேன்.

ஒன்று, மருத்துவர்கள் சொல்வது. விளக்கம் இல்லாமல் முடிவை நேரடியாகப் பார்த்தால் பெண்கள் பயந்துவிடுவார்கள், மனமொடிந்து போவார்கள். அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளுக்குப் பிறகு பெரும்பாலான முடிவுகள் தயாரானவுடனே நோயாளியின் இணையக் கணக்குக்கு வந்துவிடுகின்றன. அங்கே எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 96 சதவீதம் பேர், மருத்துவர் பார்க்கும் முன்பே வந்தாலும் உடனே வேண்டும் என்றார்கள். முடிவு சரியில்லாமல் வந்தவர்களுக்குக் கவலை கூடுதலாகத்தான் இருந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் உடனே வருவதையே விரும்பினார்கள். பயப்படுவதும் என் உரிமைதான். பயத்துக்கு மருந்து விளக்கம். மறைப்பது மருந்து ஆகாது. மேலும், நாங்கள் தாங்கமாட்டோம் என்று அஞ்சுகிற அதே செய்தியை, எந்த மருத்துவப் பயிற்சியும் இல்லாத எங்கள் கணவர்கள் மட்டும் விளக்கமே இல்லாமல் தாங்கிக்கொள்வார்கள் என்று எப்படி முடிவுசெய்தீர்கள்?

மற்றொன்று, வீட்டில் சொல்வது. அம்மாவுக்குக் கைப்பேசி பார்க்கத் தெரியாது, ஆங்கிலம் படிக்கத் தெரியாது, நாங்கள் பார்க்காமல் யார் பார்ப்பது? உண்மை. துணை வேண்டும். எனக்கும் வேண்டும். ஆனால் துணையை நோயாளி தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருத்தி மகளைச் சொல்லலாம், இன்னொருத்தி கணவரையே சொல்லலாம், வேறொருத்தி பக்கத்து வீட்டு ஆசிரியையைச் சொல்லலாம். தலைவி தோழியைத் தேர்ந்தாள், தாயை அல்ல. கைப்பேசியே இல்லாதவளுக்கு ஒட்டிய உறையில் அச்சிட்ட தாளை, அவள் கையிலேயே கொடுங்கள்.

முடியாத காரியம் இல்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை நினைத்துப் பாருங்கள். மாதம் ஆயிரம் ரூபாய், பெண்ணின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் என்று அரசு நின்றது. வங்கி வாசலையே மிதிக்காத பெண்கள்கூடக் கணக்குத் தொடங்கினார்கள். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தக் கணக்கு வேண்டும் என்றால், கருப்பையைப் பற்றிய செய்திக்குச் சொந்த எண் வேண்டாமா?

நாம் கேட்பது பெரிதில்லை. பதிவுப் படிவத்தில் இரண்டு கேள்விகள். உங்கள் எண் எது? முடிவை வேறு யாருக்காவது அனுப்பலாமா? இரண்டாவது கேள்விக்கு ‘வேண்டாம்’ என்ற பதில் முகம் சுளிக்கப்படாமல் ஏற்கப்பட வேண்டும். முடிவோடு, இது என்ன சொல்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் நான்கு வரி. கேட்டால் அச்சிட்ட படி.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று. படிவம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஆதாரோடு எந்த எண் இணைந்திருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாத வீடுகள் உண்டு, எனக்குத் தெரியும். அப்படியானால் மின்வழி வேண்டாம், தாளாகக் கொடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று பரிசோதனை நிலையத்தில் சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு தோழியை அழைத்துப் போங்கள். என்னையும் அழைக்கலாம்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனேன். அதே மேசை, அதே பெண். திரையில் பழைய பதிவு அப்படியே இருந்தது. “அதே நம்பர்தானே மேடம்?”

“இல்லம்மா, என் நம்பர் போட்டுக்கோ” என்றேன். அழித்துவிட்டு ஒவ்வோர் இலக்கமாக என் எண்ணைத் தட்டினாள். பின்னால் வரிசையில் நின்ற பெண் தன் முறை வந்ததும், கையிலிருந்த துண்டுச்சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கேட்கும் முன்பே தன் எண்ணைச் சொல்லத் தொடங்கினாள்.