மாஸ்கோ போகாத கோல் காவலர்

'ஓலா போலா' படத்தில் வரும் கோல் காவலர் முத்துவை நம் வயதினர் பலருக்குத் தெரியும். முத்து கற்பனைப் பாத்திரம். ஆனால், அவருக்குப் பின்னால் உண்மையான ஒரு மனிதர் இருக்கிறார். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்த ஆர். ஆறுமுகம்தான் அவர். நீண்ட கைகளால் பந்தைத் தாவிப் பிடித்ததால் ரசிகர்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்றே அழைத்தார்கள்.

1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நம் அணி தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. வெற்றி கோலை அடித்தவர் சபாவின் ஜேம்ஸ் வோங். சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம் என எல்லா இனத்தவரும் சேர்ந்து ஆடிய அணி அது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பிறகு நமக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பும் அதுதான்.

ஆனால், அணி விமானம் ஏறவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து 60க்கும் மேற்பட்ட நாடுகள் மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. மலேசியாவும் அவற்றுள் ஒன்று.

போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோப்பிக் கடைப் பேச்சில் பதக்கமே நம் கைக்கு வந்துவிடும். பதக்கக் கனவு இனிமையானதுதான். ஆனாலும், நடக்காத வரலாற்றைக் கற்பனை செய்வதற்கும் சான்று வேண்டும். அந்தச் சான்று நம்மிடம் இருக்கிறது. நமக்குப் பதிலாக மாஸ்கோ சென்றது, தகுதிச் சுற்றில் தேறாத ஈராக். அந்த அணி கோஸ்தா ரிக்காவை 3-0 என வென்றது. பின்லாந்துடனும் யுகோஸ்லாவியாவுடனும் சமநிலை கண்டது. காலிறுதியில் கிழக்கு ஜெர்மனியிடம் 0-4 எனத் தோற்றது. நம் அணியும் அவ்வளவு தூரம் போயிருக்கலாம். மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியிருக்கவும் கூடும்.

ஆகவே, பதக்கம் பறிபோனது என்று சொல்ல முடியாது. பறிபோனது அந்த மூன்று ஆட்டங்கள். ஐரோப்பியரின் உதைகளை நேரில் எதிர்கொண்ட ஒரு கோல் காவலர் அடுத்த தலைமுறைக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த ஒலிம்பிக்கில் தமிழ்நாட்டுக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. வலுவான பல அணிகள் வராத போட்டிதான். ஆனாலும் அவர் பெயர் வரலாற்றில் நின்றது, போனதால். ஆறுமுகம் அதற்குப் பிறகும் நாட்டுக்காக ஆடினார். ஆனால், 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 35. ஒலிம்பிக் திடலில் அவர் கால் படவே இல்லை. நம் காற்பந்து அணி அதன் பிறகு ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவும் இல்லை.

அன்றைய அரசாங்கத்தின் முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். ஒரு நாட்டின் மீது படையெடுப்பு நடக்கும்போது விளையாட்டு மட்டும் தனியே நிற்க முடியாது என்போரின் வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. என் கவலை வேறு. ஆறுமுகத்தைத் தடுத்தது உலக அரசியல். இன்று நம் மாணவர்களைத் தடுப்பது எது?

சாஆ போன்ற சிற்றூரில் பள்ளி அளவில் தேர்வாகும் மாணவர், மாவட்டப் போட்டிக்குச் சிகாமட் வரை போய்வர வேண்டும். வேன் கட்டணம் இல்லை, அன்றைக்கு டியூஷன் இருக்கிறது, அழைத்துப் போக ஆள் இல்லை. இவைதான் நான் கண்ட காரணங்கள். என்னுடன் படித்தவர்களில் தேர்வாகியும் போகாதவர்கள் இருக்கிறார்கள். "ஆட்டம் சோறு போடுமா?" என்ற ஒரு கேள்வியோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடும்.

சோறு போடுமோ போடாதோ, பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தர உதவும். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகுதிப் புள்ளிகளில் 10 விழுக்காடு புறப்பாடத்திற்கு உரியது. மாவட்டம், மாநிலம் என எந்த நிலையில் பங்கெடுத்தோம் என்பதும் அங்கே கணக்கில் வரும். 'தேர்வானேன், ஆனால் போகவில்லை' என்று எழுத அந்தப் பாரத்தில் இடமில்லை. பள்ளி நாளில் மிச்சப்படுத்திய வேன் கட்டணத்திற்கு, பின்னாளில் விலை கொடுக்க நேரிடலாம்.

இதற்கு அமைச்சரவை கூட வேண்டியதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுத் தொடக்கத்தில் பயணச் செலவுக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். முன்னாள் மாணவர்களான நாம் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டால் ஒரு வேன் புறப்பட்டுவிடும். டியூஷன் ஆசிரியரும் அந்த ஒரு நாள் பாடத்தை மாற்றி வைக்கலாம்.

தம்பி, தங்கைகளே, தேர்வானால் போய்விடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை. ஆறுமுகம் மாஸ்கோவில் எத்தனை கோல் விட்டிருப்பார், எத்தனை தடுத்திருப்பார் என்று நாம் கற்பனை மட்டுமே செய்ய முடிகிறது. உங்கள் ஆட்டத்தைப் பற்றி யாரும் அப்படிக் கற்பனை செய்ய வேண்டிய நிலை வரக்கூடாது.