விண்வெளியில் ஒரு பண்ணையம்

மஞ்சளுக்கு மண் அணைக்கிறது, மாட்டுக்கு மடிநோய்னு எழுதிக்கிட்டிருந்த ஆளு இன்னைக்கு விண்வெளிப் பேரரசு கேம் பத்தி எழுதுறேன். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க. மும்முனை கரண்ட் எப்போ வரும்னு ராத்திரி மோட்டார் ரூம் வாசல்ல உட்கார்ந்திருக்கிற விவசாயி, கையில போன் இருந்தா என்ன பண்ணுவான்? எங்க ஊர்ல பாதிப் பேர் ரீல்ஸ் பார்க்கிறாங்க. சிலர் ரம்மி ஆடி, பால் பணத்தைத் தொலைக்கிறாங்க. நான் ஓகேம் ஆடுறேன்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 2002-ல ஜெர்மனியில தொடங்கின விளையாட்டு இது. பிரவுசர்லயே ஆடலாம். வெடிக்கிறது, பறக்கிறதுன்னு படம் காட்டாது. பெரும்பாலும் எண்கள்தான். ஒரு கிரகம் கொடுப்பாங்க. அதுல மெட்டல், கிரிஸ்டல், ட்யூட்டீரியம்னு மூணு வளம் எடுக்கணும். அதை வெச்சுக் கட்டடம், ஆராய்ச்சி, கப்பல், அப்புறம் இன்னும் சில கிரகங்கள். ஒரே பிரபஞ்சத்துல ஆயிரக்கணக்கான நிஜ ஆட்கள் ஆடிக்கிட்டிருப்பாங்க. முக்கியமான விஷயம், நீங்க போனை மூடி வெச்சாலும் அங்க நேரம் ஓடும். சுரங்கம் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு கட்டடம் அடுத்த நிலைக்கு ஏற ஆரம்பத்துல சில நிமிஷம் போதும், போகப்போக நாள்கணக்கு ஆகும். விதைச்சுட்டு வீட்டுக்குப் போய் வேற வேலை பார்க்கத் தெரிஞ்சவனுக்கு இது கஷ்டமே இல்ல.

கஷ்டப்படுறது நகரத்து ஆளுங்கதான். கோயம்புத்தூர்ல ஐடி வேலையில இருக்கிற எங்க அக்கா பையனும் அவன் கூட்டாளிகளும் ஆசையா ஆரம்பிச்சாங்க. மூணாவது வாரத்துல பாதிப் பேர் காணோம். மீதிப் பேர் "மாமா, எல்லாம் போச்சு"ன்னு புலம்பல். என்ன பண்ணீங்கன்னு கேட்டா, முதல் வாரத்துலயே சண்டைக் கப்பல் கட்டியிருக்காங்க. இணையத்துல படிச்ச யோசனைகள் எல்லாம் சண்டைப் பிரியர்கள் எழுதினது. எங்க பக்கம் போர்னா ஒண்ணு வைக்கோல் போர், இன்னொண்ணு போர்வெல். முதல் ரெண்டு மாசத்துக்கு இந்த ரெண்டு போரும் போதும்ங்கிறது என் கட்சி. பேரரசை மறந்துட்டுப் பண்ணையம் பாருங்க.

பண்ணையம்னா முதல்ல கரண்ட். ஒவ்வொரு சுரங்கமும் மின்சாரம் தின்னும். சோலார் பிளான்ட் கொடுக்கிறதை விடத் தேவை அதிகமாயிட்டா எந்தச் சுரங்கமும் நிக்காது, ஆனா எல்லாமே அந்த விகிதத்துல இளைச்சுப் போகும். லோ வோல்டேஜ்ல மோட்டார் ஓடும், தண்ணி மட்டும் நூலா வரும் பாருங்க, அதேதான். புதுசா ஆடுறவங்க இதைக் கவனிக்கவே மாட்டாங்க. ஒரு கணக்கு சொல்றேன், வெச்சுக்கங்க. மூணு சுரங்கமும் ஒரே நிலையில இருந்தா, மூணும் சேர்ந்து கேட்கிற மின்சாரம் அதே நிலை சோலார் கொடுக்கிறதைப் போல சரியா ரெண்டு மடங்கு. அதனால சுரங்கமெல்லாம் 10-ல இருந்தா சோலார் 14-ல இருக்கணும். ட்யூட்டீரியம்தான் பெருந்தீனிக்காரன். மெட்டலும் கிரிஸ்டலும் தனித்தனியா கேட்கிறதுல ரெண்டு மடங்கு அது ஒண்ணே கேட்கும். சோலாரை ஏத்திட்டு அப்புறம் சுரங்கத்தை ஏத்துங்க. மெட்டல் சுரங்கம் கிரிஸ்டலை விட ரெண்டு மூணு நிலை மேல இருந்தா நல்லது, ஏன்னா பெரும்பாலும் மெட்டல்தான் முதல்ல தீரும்.

அடுத்தது உரக்கணக்கு. இதை நல்லா உட்கார்ந்து படிங்க. சாதாரண வேகத்துல ஓடுற பிரபஞ்சத்துல மெட்டல் சுரங்கம் 10-வது நிலையில மணிக்கு 778 மெட்டல் தரும். 11-க்கு ஏத்தினா 941. கூடுதல் 163. ஏத்துறதுக்குச் செலவு 3,460 மெட்டல், கூடக் கொஞ்சம் கிரிஸ்டல். போட்ட மெட்டல் 21 மணி நேரத்துல திரும்பி வந்துடும். ஒரு நாள்கூட இல்ல. சரி, 20-ல இருந்து 21-க்கு ஏத்துங்க. செலவு கிட்டத்தட்ட 2 லட்சம் மெட்டல், கூடுதல் வரவு மணிக்கு 626. போட்டது திரும்ப 13 நாள். 30-ல இருந்து 31-க்கு? ஒரு கோடியே 15 லட்சம் மெட்டல். திரும்பி வர ஏழு மாசத்துக்கு மேல. ஒவ்வொரு நிலைக்கும் செலவு ஒன்றரை மடங்கா ஏறுது, விளைச்சல் அந்த வேகத்துல ஏறுறதில்ல. முதல் மூட்டை யூரியாவுக்குப் பயிர் கருகருன்னு வரும், மூணாவது மூட்டைக்கு இலைதான் வரும், கதிர் வராது. வயல்ல நிக்கிற யாருக்கும் இது தெரியும். அக்கா பையன் எம்.பி.ஏ. படிச்சவன், இதுக்கு ஒரு பெரிய பேர் சொன்னான். ஆனா சுரங்கத்தை 22 வரைக்கும் ஒரே கிரகத்துல ஏத்திக்கிட்டுத்தான் இருந்தான்.

அவன் செஞ்சிருக்க வேண்டியது ரெண்டாவது தோட்டம் வாங்குறது. குடியேற்றக் கப்பல் ஒண்ணுக்கு 10,000 மெட்டல், 20,000 கிரிஸ்டல், 10,000 ட்யூட்டீரியம். அந்த 21-வது நிலைக்குப் போடுற செலவுக்கு முன்னாடி இது சில்லறை. அதுக்கு வானியற்பியல் ஆராய்ச்சி வேணும். முதல் நிலை முடிச்சா ஒரு கிரகம், அப்புறம் ரெண்டு ரெண்டு நிலைக்கு ஒண்ணு. புதுக் கிரகத்துல சுரங்கம் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். அதாவது ஒரே நாள்ல போட்டது திரும்பி வர்ற அந்த நல்ல காலம் மறுபடியும் கிடைக்கும். இடம் பார்த்து வாங்குங்க. ஒரு சூரியனைச் சுத்தி 15 இடம் இருக்கும். சூரியனுக்குப் பக்கத்துல சூடு, தூரத்துல குளிர். குளிர்ந்த கிரகத்துல ட்யூட்டீரியம் அதிகமா ஊறும். சூடான இடத்துல சோலார் செயற்கைக்கோள் நல்லா மின்சாரம் தரும். நடுவுல இருக்கிற இடங்கள்ல பரப்பு பெருசா அமையும். கட்டடத்தோட ஒவ்வொரு நிலையும் ஒரு துண்டு நிலத்தைப் பிடிச்சுக்கும்கிறதால பரப்பு முக்கியம். சின்னக் கிரகம் வந்து விழுந்தா தயங்காம விட்டுட்டு வேற பாருங்க. மேட்டாங்காட்டைப் பாசத்துக்காக வெச்சுக்கிட்டிருக்க இது பாட்டன் சொத்து இல்ல.

இனிமேல்தான் காவல். உங்களைத் தாக்குறவன் ஜெயிச்சா, கிரகத்துல கிடக்கிற வளத்துல பொதுவா பாதியை அள்ளிக்கிட்டுப் போவான். கிடங்கு கட்டினா மட்டும் காப்பாத்தாது. கிடங்கு எவ்வளவு கொள்ளும்கிறதுதான் அதோட வேலை. இதுக்கு வழி, தூங்கப் போறதுக்கு முன்னாடி இருக்கிறதை எல்லாம் செலவு பண்ணிடுறது. சுரங்கத்தை ஏத்தி விடு, ஆராய்ச்சி போட்டு விடு. களத்துல நெல் இல்லைன்னா திருடன் எதுக்கு வர்றான்? இந்த ஒரு விஷயத்துல விண்வெளிச் சம்சாரி எங்களை விடக் கொடுத்து வெச்சவன். தக்காளி பழுத்த அன்னைக்கு அதை வேறொண்ணா மாத்தி வைக்க எனக்கு வழியில்ல. கிலோ என்ன விலைக்குக் கேட்டாலும் அன்னைக்கே கொடுத்தாகணும். அவனுக்கு ஒரு பட்டன்.

செலவு பண்ணியும் மிச்சம் இருந்தா சரக்குக் கப்பல்ல ஏத்திப் பறக்க விடுங்க. சின்னச் சரக்குக் கப்பல் 5,000 கொள்ளும், பெருசு 25,000. உங்களோட இன்னொரு கிரகத்துக்கு, வேகத்தை 10 சதவீதத்துக்குக் குறைச்சு அனுப்பினா, விடிய விடிய ஆகாசத்துலயே ஊர்ந்துக்கிட்டிருக்கும். பறக்கிற கப்பலை யாரும் அடிக்க முடியாது. நீங்க எழுந்து பல் விளக்குற நேரத்துக்கு வந்து இறங்குற மாதிரி கணக்குப் போட்டுக்கங்க. போற வழிக்கு ட்யூட்டீரியம் செலவாகும், ஆகட்டும். இந்தப் பழக்கம் இல்லாதவங்கதான் காலையில "எல்லாம் போச்சு" பாட்டுப் பாடுறாங்க. சண்டைக் கப்பல் நிறுத்தி வெச்சிருந்தா இன்னும் மோசம். பல பிரபஞ்சங்கள்ல உடைஞ்ச கப்பலோட மெட்டல், கிரிஸ்டல்ல 30 சதவீதம் இடிபாடா மிதக்கும். அதை அள்ளத்தான் பெரிய ஆளுங்க வர்றாங்க. நிறுத்தி வெச்ச கப்பல் காவல் இல்ல, அழைப்பு.

காவலுக்கு வேலி போதும். ராக்கெட் லாஞ்சர் 2,000 மெட்டல்தான். லேசான லேசர் 1,500 மெட்டல், 500 கிரிஸ்டல். அடிபட்டாலும் சண்டை முடிஞ்சதும் சுமாரா 70 சதவீதம் தானா எழுந்து நின்னுக்கும், வெட்டின கிளுவை மறுபடி துளிர்க்கிற மாதிரி. யானை வந்தா கிளுவை வேலி நிக்காது. ஆனா ஆடு மாடு உள்ள வராது. வர்றவனுக்குக் கிடைக்கிறதை விட இழப்பு அதிகம்னு ஆக்கிட்டா போதும், அவன் கணக்குப் போட்டுட்டுப் பக்கத்துக் கிரகத்துக்குப் போயிடுவான்.

இப்போ எனக்குக் கோபம் வர்ற இடம். இந்த விளையாட்டுல ஒருத்தனை அடிக்கடி போய்க் கொள்ளையடிச்சா அதுக்குப் பேரு "ஃபார்மிங்". அடி வாங்குறவன் பேரு "ஃபார்ம்". உழுதவன், விதைச்சவன், தண்ணி கட்டினவன் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கிறவன். அறுத்துக்கிட்டுப் போறவன் தன்னை விவசாயின்னு சொல்லிக்கிறான். இந்தச் சொல்லை முதல்ல கேட்டப்போ எங்க மண்டி ஞாபகம்தான் வந்தது, அதை இங்க விவரிக்க வேண்டாம். ஏழு நாள் உள்ள வராதவன் பேருக்குப் பக்கத்துல ஒரு குறி விழும். அவன் கிரகத்துல சுரங்கம் மட்டும் ஓடிக்கிட்டிருக்கும், எடுக்க ஆள் இருக்காது. அங்க நானும் சரக்குக் கப்பல் அனுப்புவேன், ஆள் இல்லாத தோப்புல விழுந்து கிடக்கிற தேங்காயை எடுக்கிற மாதிரி. புதுசா ஆடுறவங்களும் தாராளமா அனுப்புங்க, முன்னாடி ஒரு உளவுக் கலம் விட்டு வேலி இருக்கான்னு பார்த்துட்டு. ஆனா உயிரோட ஆடிக்கிட்டிருக்கிற சின்ன ஆளைத் தினமும் போய் உறிஞ்சுறது எனக்குச் சம்மதமில்ல. புள்ளிகள்ல ரொம்ப வித்தியாசம் இருந்தா புதுசா வந்தவங்களை அடிக்க விடாம ஒரு பாதுகாப்பு இருக்கு. அதோட எல்லையைத் தாண்டினவன் என்ன ஆவான்னு பார்த்துக்கிட்டே காத்திருக்கிற ஆளுங்களும் இருக்காங்க. விளையாட்டு அனுமதிக்குதுன்னு சொல்வாங்க. அனுமதிக்குதுதான். அதுக்கு எங்க பேரை வைக்காதீங்க.

கடன் பத்தியும் சொல்லணும். டார்க் மேட்டர்னு ஒண்ணு இருக்கு. நிஜக் காசு கொடுத்தும் வாங்கலாம். நாள்கணக்குல ஆகுற வேலை சட்டுனு முடியும். இலவச விளையாட்டு எப்படியாவது சம்பாதிக்கணும், அதை நான் தப்பு சொல்லல. ஆனா புது ஆளுக்கு அது பத்து பைசாவுக்குப் பிரயோஜனம் இல்ல. ஆரம்பத்துல எல்லாம் தானாவே சீக்கிரம் முடியுது, எதை அவசரப்படுத்தப் போறீங்க? பின்னாடி நாள்கணக்குல ஆகும்போது ஒரு தடவை காசு கொடுத்துப் பழகிட்டா அடுத்த நிலை அதை விட நீளமா நிக்கும். ரோபோ ஆலையை ஏத்துங்க, கட்டுற நேரம் குறையும். அதுக்கு விளையாட்டுல எடுக்கிற வளம் போதும், கார்டு நம்பர் வேண்டாம்.

போன மாசம் அக்கா போன் பண்ணுச்சு. "என்னடா தம்பி, இவன் ராத்திரி மூணு மணிக்கு அலாரம் வெச்சு எந்திரிக்கிறான். என்னடான்னா, கப்பல் இறங்குதுங்கிறான். காலையில ஆபீஸ்ல தூங்கி வழியிறானாம். நீதானே சொல்லிக் கொடுத்தே?" விளையாட்டோட உண்மையான விலை இதுதான், காசு இல்ல. மூணு மணிக்கு எந்திரிக்க எனக்கு ஒரு காரணம் இருக்கு. கரண்ட் வரும், மடை மாத்தணும், இல்லைன்னா வாழை காயும். அவனுக்கு என்ன இருக்கு? மூணு மணிக்கு இறங்குற கப்பலை அனுப்பினது அவன்தானே, ஆறு மணிக்கு இறங்குற மாதிரி அனுப்புறதுக்கு என்ன? அவன்கிட்ட அதையே சொன்னேன். "மாப்ள, தரவரிசையில 400-வது இடத்துல இருந்து 380-க்கு வந்தா உன் மேனேஜர் சம்பளம் ஏத்துவாரா?" சிரிச்சான்.

வெளியூர் போறதா இருந்தா, வேலை நெருக்குனா, விடுமுறைன்னு ஒரு வசதி இருக்கு. குறைஞ்சது 48 மணி நேரம். சுரங்கம் நிக்கும், ஆனா யாரும் உங்களை அடிக்க முடியாது. எப்படிப் போடுறதுன்னு அன்னைக்கே அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். எனக்கும் வெள்ளிக்கிழமை மஞ்சள் வெட்டு ஆரம்பிக்குது. வியாழக்கிழமை ராத்திரியே போட்டுடுவேன்.