நீங்கள் போய் வாருங்கள்



கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக என்னிடம் நேரிலும், நேரில் கேட்கத் தயங்கிப் பிறர் மூலமாகவும் வந்த ஒரு கேள்விக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். ஜூன் மாதத்தில் பத்து நாள் ஆயர் எந்தக் கன்வென்ஷனுக்குப் போயிருந்தார்? கன்வென்ஷனுக்கு அல்ல, ஊழியத்துக்கும் அல்ல. நானும் என் துணைவியாரும் இமாசலப் பிரதேசத்துக்குச் சென்று, ஒரு கேரவனில் ஊர் சுற்றிவிட்டு வந்தோம். படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் வைத்துக்கொள்வார்களே, அந்த இனத்தைச் சேர்ந்த வண்டிதான்; ஆனால் அளவில் சிறியது. ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. தில்லியில் வேலை பார்க்கும் மகளும் மருமகனும் எங்கள் முப்பதாவது திருமண நாளுக்காக, மணாலியில் ஓட்டுநரோடு மூன்று நாளைக்கு அதை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். சபைப் பணத்தில் ஒரு ரூபாயும் செலவாகவில்லை என்பதைக் கமிட்டியாரின் மன அமைதிக்காக எழுதி வைக்கிறேன்.

மூன்று நாளையும் விவரிக்கப் போவதில்லை. இரண்டாம் நாளைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

அன்று விடியற்காலையில் மணாலியிலிருந்து புறப்பட்டோம். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோதங் கணவாயின் அடியில் 9.02 கிலோமீட்டர் நீளத்துக்குக் குடையப்பட்டிருக்கிறது. அது வருவதற்கு முன் பனிக்காலம் முழுவதும் அப்பாலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்கு உலகத்தோடு தொடர்பற்றுக் கிடக்குமாம். நாங்கள் நுழைந்த பக்கத்தில் மழைத்தூறலும் பசுங்காடும் இருந்தன. வெளியே வந்தபோது மரங்களைக் காணோம்; வறண்ட பழுப்பு மலைகளும், அவற்றின் இடுக்குகளில் பனிக்கோடுகளும், மேகமற்ற நீல வானமும்தான். மழை மேகங்கள் அந்த மலையைத் தாண்டி வருவதில்லை. வேதத்தில் வனாந்தரம் என்ற சொல்லை முப்பது ஆண்டுகளாக விளக்கிப் பிரசங்கித்திருக்கிறேன். ஒன்றைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

தாண்டி என்ற இடத்தில் சந்திரா, பாகா என்னும் இரு ஆறுகளும் கலந்து செனாப் ஆகின்றன. அங்குள்ள பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று எழுதிய பலகை பயணிகளிடையே மிகப் பிரசித்தம். அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பிறகு கேலாங்.

கேலாங்கில் சற்று நிற்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. நம் தரங்கம்பாடிக்கு 1760-இல் வந்து தோட்டம் போட்டுக் குடியேறினார்களே, அந்த மொரேவிய சபையைச் சேர்ந்தவர்கள் 1850-களில் இந்த மலையிலும் வந்து தங்கினார்கள். மங்கோலியாவுக்குப் போக விரும்பி, வழி அடைபட்டு, இங்கேயே நின்றுவிட்டவர்கள். அவர்களில் வில்ஹெல்ம் ஹெய்டே என்பவருக்கு மணமகளாக 1859-இல் சபை அனுப்பிவைத்த பெண் மரியா. இருவரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார்கள். பெற்ற பிள்ளைகளில் சிலரை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். சபையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அது மிகச் சிறிய ஊழியம். ஆனால் மரியா அவ்வூர்ப் பெண்களுக்குக் கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்தார். 2021-இல் லாஹௌல் காலுறைகளும் கையுறைகளும் புவிசார் குறியீடு பெற்றன. கடைவீதியில் ஒரு மூதாட்டியிடம் என் துணைவியார் ஒரு ஜோடி வாங்கினார். ஹெய்டே செய்த பிரசங்கங்களில் ஒன்றுகூட இன்று அங்கே எவர் நினைவிலும் இருக்காது. மரியாவின் பின்னல் கடைவீதியில் விலைக்குக் கிடைக்கிறது. இதை ஓர் ஆயராக எழுதுவது எனக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை.

நண்பகலுக்குள் ஜிஸ்பா வந்து சேர்ந்தோம். பாகா ஆற்றங்கரையில், கடல்மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கும் மேலே உள்ள சிற்றூர் அது. எங்கள் திட்டம் அதற்கு அப்பால் தார்ச்சாவைக் கடந்து, ஏறத்தாழ பதினாறாயிரம் அடி உயரத்திலுள்ள பாரலாச்சா கணவாயைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவது. திட்டம் என்கிறேன், அது என் ஆசை. ஆனால் வண்டி நின்றதும் துணைவியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைவலி, குமட்டல், நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. கடற்கரையில் பிறந்து கடற்கரையிலேயே வளர்ந்த உடம்பு. ஓட்டுநர், குலுப் பக்கத்து இளைஞர், பார்த்த உடனே சொல்லிவிட்டார்: மாஜி இன்றைக்கு மேலே ஏறக்கூடாது, தண்ணீர் குடித்துப் படுத்திருக்கட்டும், அதிகமானால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

இங்கே நான் உண்மையை எழுத வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்பதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

அவர் படுத்தபடியே சொன்னார்: "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்க இருந்துக்குறேன்."

அந்த வாக்கியத்தை முப்பது ஆண்டுகளில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அடக்க ஆராதனைக்கு நள்ளிரவில் அழைப்பு வந்தபோதும், மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் ஜெபக்கூட்டத்துக்குப் புறப்பட்டபோதும், புதிய ஊருக்கு மாற்றலாகிச் சாமான்கள் பிரிக்கப்படாமல் கிடந்தபோதும் இதே வாக்கியம். அதை அவருடைய சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்று மட்டும், போனில் சிக்னல் இல்லாததாலோ, போய்ப் பார்க்க வேண்டிய விசுவாசி எவரும் அந்த மலையில் இல்லாததாலோ, அது சம்மதம் போல என் காதில் விழவில்லை.

நான் போகவில்லை. அடுப்பில் கஞ்சி வைத்தேன். அரிசி சரியாக வேகவில்லை, அந்த உயரத்தில் அப்படித்தானாம். மாலையில் தலைவலி சற்றுத் தணிந்தபின், வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவர் பேசினார். அவருடைய அனுமதியோடு அதில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

அவருடைய தகப்பனார் மரித்தபோது நான் வெளியூர்க் கன்வென்ஷனில் செய்தியாளனாக இருந்தேன். கூட்டங்களை முடித்துவிட்டு மூன்றாம் நாள்தான் வந்தேன், அடக்கம் முடிந்திருந்தது. அதைப் பின்பு பிரசங்க பீடத்தில் பலமுறை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன், கலப்பையில் கைவைத்தவன் திரும்பிப் பார்க்கலாகாது என்பதற்கு உதாரணமாக. "நீங்க அதைச் சொல்றப்பல்லாம் நான் முன் பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிரியமானவர்களே, யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் வாசியுங்கள். மோசேயின் மாமன் எத்திரோ, திருப்பி அனுப்பப்பட்டிருந்த சிப்போராளையும் இரு குமாரரையும் அழைத்துக்கொண்டு வனாந்தரத்துக்கு வருகிறார். மோசே எதிர்கொண்டுபோய் மாமனை வணங்கி, முத்தமிட்டு, நலம் விசாரித்துக் கூடாரத்துக்குள் அழைத்துச் செல்கிறார். கர்த்தர் செய்த யாவற்றையும் அவருக்கு விவரிக்கிறார். மறுநாள் காலைமுதல் மாலைவரை ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிடுகிறார். சிப்போராளிடம் பேசிய ஒரு வார்த்தையும் அங்கே பதிவாகவில்லை. வேதம் மௌனமாயிருக்கும் இடத்தில் நாமாக ஒன்றை எழுதிச் சேர்க்கக்கூடாது என்று இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள், சேர்க்கவில்லை. மோசே அவளோடு பேசியிருக்கலாம். ஆனால் இந்த அதிகாரத்தை நிர்வாகத்துக்கும் தலைமைத்துவத்துக்கும் உரிய பாடமாகவே இத்தனை ஆண்டுகள் எடுத்துப் பேசினேன். அவள் அங்கே நின்றுகொண்டிருக்கிறாள் என்பதைக் கவனித்ததில்லை. நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்று எத்திரோ எச்சரித்தது தன் மகளையும் மனதில் வைத்துத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

இது ஆயர்மாருக்கு மட்டும் உரிய காரியம் என்று நம் ஊரில் எவரும் நினைக்க முடியாது. கோட்டைப்பட்டினத்தில் பாதி வீடுகள் "நீங்க போய்ட்டு வாங்க" என்ற வார்த்தையால் நடக்கின்றன. விசைப்படகுக்குப் போகிறவருக்கும் வளைகுடாவுக்குப் போகிறவருக்கும் அதைச் சொல்லித்தான் கதவைச் சாத்துகிறார்கள். எல்லை தாண்டியதாகச் சிறைப்பட்டவர்களின் வீட்டில் அந்த வார்த்தை மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருப்பதையும் கண்டிருக்கிறோம். பிழைப்புக்காகப் பிரிந்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிவு இல்லை. என் போன்றவர்களைத்தான் சொல்கிறேன்: தெரிவு இருந்தும், வேலையைக் கவசமாகப் பிடித்துக்கொண்டு, ஊரார் எல்லாருடைய துக்கத்தையும் கேட்டுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது காதை வாசலில் கழற்றி வைப்பவர்கள். அதைத் தியாகம் என்று நாம் பெயரிட்டிருக்கிறோம். அதில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருகும்படி அரசு கடலுக்கு ஓய்வு கொடுக்கிறது. அந்த நாட்களில் ஆண்கள் கரையில்தான் இருக்கிறார்கள். படகுக்கு வர்ணம் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள், டீக்கடையில் இருப்பார்கள். மனைவியோடு ஒரு முழுப் பகல் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு சகோதரியிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "உட்கார்ந்தா சண்டைதான் வரும் ஐயா" என்றார். வரட்டும் என்றேன். ஜிஸ்பாவில் எங்களுக்கும் வந்தது.

இமயமலைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்களாலும் இனி முடியாது. மணமேல்குடி கோடியக்கரை வரை பேருந்தில் போய்ச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தாலும் போதும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவே.

என் பங்குக்கு ஒரு அறிவிப்பு. இனி திங்கட்கிழமைகளில் மாலை ஐந்து மணி வரை குருமனை வாசல் மூடியிருக்கும். மரணம், ஆஸ்பத்திரி இரண்டுக்கும் எந்நேரமும் தட்டலாம். ஞானஸ்நானச் சர்டிபிகேட், திருமண ஓலை, கமிட்டித் தகராறு ஆகியவற்றுக்குச் செவ்வாய்க்கிழமை வாருங்கள்.